நூறு சிசியிலிருந்து நேக்கட் பைக்குக்கு: பழைய வண்டி வாங்கப் போகும் புதியவருக்கு

97.2 சிசி எஞ்சினும் ஏறத்தாழ 8 குதிரைத்திறனும் கொண்ட ஸ்பிளெண்டர் போன்ற வண்டியை நான்கைந்து ஆண்டுகள் ஓட்டியவருக்கு, நெடுஞ்சாலையில் பேருந்தை முந்தப் போதிய இழுவை இல்லை என்பதும், மழையில் டிரம் பிரேக்கை முழுதாக நம்ப முடியவில்லை என்பதும் ஒரு நாள் உறைக்கத் தொடங்கும். புதிய 200 சிசி வண்டியின் ஆன்ரோடு விலையைக் கேட்டதும் அந்த ஆசை சற்றே அடங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பழைய நேக்கட் பைக். எஞ்சினையும் சேசிஸையும் மூடும் ஃபேரிங் இல்லாத, ஓரளவு நிமிர்ந்து அமர்ந்து ஓட்டக்கூடிய, அகன்ற ஹேண்டில் பார் கொண்ட வண்டிகளை அப்படி அழைக்கிறார்கள். நகர நெரிசலுக்கு இந்த அமைப்பு ஏற்றது என்பது எல்லாருக்கும் தெரியும். பழைய வண்டி வாங்குபவருக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. எண்ணெய்க் கசிவு, ரேடியேட்டரின் நெளிவு, சேசிஸில் போட்ட புது வெல்டிங் ஆகியவற்றை மறைக்க இந்த வண்டியில் பிளாஸ்டிக் உறை இல்லை. பார்க்கத் தெரிந்தவருக்கு எல்லாம் வெளியில்தான் இருக்கின்றன.

எவ்வளவு பெரிய வண்டி

இந்தியாவில் கியர் உள்ள இருசக்கர வாகனத்துக்கான உரிமம் ஒன்று இருந்தால் 100 சிசியும் ஓட்டலாம், 1000 சிசியும் ஓட்டலாம். ஐரோப்பிய நாடுகளில் இருப்பது போல எஞ்சின் திறனுக்கேற்பப் படிப்படியாக உரிமம் பெறும் முறை இங்கே இல்லை. ஆகவே எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லாது. நாமே முடிவு செய்ய வேண்டும். சுமார் 110 கிலோ எடையும் 8 குதிரைத்திறனும் உள்ள வண்டியிலிருந்து, 170 கிலோ அளவில் 43 குதிரைத்திறனை வைத்திருக்கும் கேடிஎம் டியூக் 390-க்கு ஒரே தாவலில் போகிறவர், ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட சக்தியை ஒரே நாளில் வலது கையில் வாங்கிக்கொள்கிறார். ஆக்சிலேட்டரை எவ்வளவு திருக வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பழகிய கை, அந்த அளவை ஒரு வாரத்தில் மறந்துவிடாது.

என் கருத்து இதுதான்: 100 அல்லது 125 சிசியிலிருந்து வருபவர் 150 முதல் 200 சிசி வரையிலும், 150 அல்லது 160 சிசியில் நன்கு பழகியவர் 250 சிசி வரையிலும் பார்க்கலாம். 390-ஐ அதற்கு அடுத்த படியாக வைத்துக்கொள்வது நல்லது. வேகத்தைவிட பிரேக், டயர், சஸ்பென்ஷன் ஆகியவற்றில் கிடைக்கும் முன்னேற்றமே அன்றாடம் உணரப்படுவது. அது 200 சிசியிலேயே முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரல் முதல், திடீரென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. எனவே 2019-க்குப் பிந்தைய வண்டி என்று ஒரு கோடு போட்டுக்கொண்டால் தேடல் சுருங்குவதோடு பாதுகாப்பும் கூடும். அதற்கு முந்தைய வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், ஏபிஎஸ் இருக்கிறதா என்று முன்சக்கரத்தில் உள்ள சென்சாரையும் பல்வளையத்தையும் கண்ணால் பார்த்த பிறகே மேலே பேச வேண்டும்.

எந்த வண்டி

தமிழ்நாட்டுச் சந்தையில் இந்த வகையில் அதிகம் கைமாறுபவை சில வண்டிகளே. 2012-இல் இந்தியாவுக்கு வந்த டியூக் 200, ஏறத்தாழ 25 குதிரைத்திறனும் ஆறு கியரும் கொண்ட துள்ளலான வண்டி. அதே ஆண்டு வந்த பல்சர் 200 என்எஸ், எண்ணிக்கையில் அதற்குக் கிட்டத்தட்ட இணையான சக்தியைக் கொஞ்சம் அமைதியாகத் தருகிறது. 2020-க்கு முந்தைய என்எஸ்ஸில் கார்புரேட்டர் உண்டு என்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். ஸ்கேனர் இல்லாத சிற்றூர் மெக்கானிக்கும் அதைத் திறந்து சுத்தம் செய்துவிடுவார் என்பதால், ஊருக்கு வெளியே இருப்பவருக்கு நான் அதை நிறையாகவே எண்ணுகிறேன். 2016-இல் வந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி ஓசூரில் தயாராவது. ஆயில் கூலிங் என்பதால் ரேடியேட்டரும் கூலன்ட்டும் இல்லை. பராமரிப்பில் ஒரு தலைவலி குறைவு. கேட்ட மாத்திரத்தில் உதிரிபாகம் கிடைப்பதில் இதற்கு நம் ஊர்களில் போட்டி குறைவு.

2019-இல் வந்த யமஹா எம்டி-15 தாளில் 155 சிசிதான். ஆனால் சக்தியில் 18 முதல் 19 குதிரைத்திறன் வரை தருகிறது. எடை குறைவு, திருப்பங்களில் கைக்கு அடங்கும் வண்டி. தொடக்க மாடல்களில் முன்சக்கரத்துக்கு மட்டுமே ஏபிஎஸ் இருந்தது. இரு சக்கர ஏபிஎஸ் 2023-இல்தான் வந்தது. 10 லிட்டர் டேங்க் என்பதால் நீண்ட பயணத்தில் பங்க்கை அடிக்கடி தேட வேண்டியிருக்கும். பின்னிருக்கை குறுகலானது, மனைவியையோ தாயையோ அடிக்கடி அமர்த்திச் செல்பவர், வாங்கும் முன் அவரையும் ஒரு முறை உட்கார வைத்துப் பார்ப்பது குடும்ப அமைதிக்கு உகந்தது. இத்தகைய பயணிக்கு 250 சிசியில் சுசூகி ஜிக்ஸர் 250, யமஹா எஃப்இசட் 25 இரண்டும் பொருந்தும். முன்னதில் சுமார் 26 குதிரைத்திறன். பின்னதில் 21-க்குச் சற்றுக் குறைவு, ஆனால் 14 லிட்டர் டேங்க். இரண்டும் பரபரப்பில்லாத எஞ்சின்கள் என்பதால் ஓடிக் களைத்த வண்டிகள் ஒப்பீட்டில் குறைவாகவே கண்ணில் படுகின்றன.

2016 இறுதியில் வந்த டோமினார் 400 பழைய சந்தையில் மலிவாகத் தெரியும். எடை 180 கிலோவைத் தாண்டும் என்பதை, வீட்டு வாசலில் சரிவு உள்ளவர்கள் வண்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தே உணர வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்கு இன்னொரு சொல்: அப்பாச்சி, ஜிக்ஸர், டோமினார் ஆகியவற்றின் இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர் அளவிலும், எம்டி-15-இன் இருக்கை 810 அளவிலும் இருக்கும், 2017-இல் வந்த டியூக் 390 அவற்றைவிட உயரமானது. காணொளியில் உயரம் தெரியாது.

விற்பனை நின்றுபோன வண்டிகளும், ஊரில் சர்வீஸ் சென்டர் இல்லாத நிறுவனங்களின் இரட்டை சிலிண்டர் வண்டிகளும் சில சமயம் ஆச்சரியமான விலைக்கு வரும். அந்த விலை அப்படி இறங்கியதற்குக் காரணம் உண்டு. ஒரு கிளட்ச் கேபிளுக்கு மூன்று வாரம் காத்திருக்கும் பொறுமை உள்ளவருக்கும், வேலைக்குப் போக இன்னொரு வண்டி வைத்திருப்பவருக்கும் மட்டுமே அவை உரியவை.

கையில் ஒரு லட்சம் இருந்தால்

கையில் ஒரு லட்சம் ரூபாய் இருந்தால் எண்பதாயிரம் ரூபாய் வண்டியைத் தேடுங்கள். மீதி இருபதாயிரம் முதல் இரண்டு மாதங்களில் தானாகவே வெளியேறும். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், முழு சர்வீஸ், செயின் ஸ்பிராக்கெட் செட், ஒரு ஜோடி டயர், தரமான ஹெல்மெட் என்று கணக்கு அதற்குள் முடிந்தால் மகிழ்ச்சியே. டியூக் 390-க்கு ரேடியல் டயர் ஒரு ஜோடி மட்டுமே பத்தாயிரத்தைத் தாண்டக்கூடும் என்பதை, அந்த வண்டி மலிவாக வருகிறது என்று துள்ளுபவர்கள் முதலில் மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்சூரன்ஸிலும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, மூன்றாம் நபர் காப்பீட்டுக்கான ஆண்டுப் பிரீமியம் 75 முதல் 150 சிசி வரை 714 ரூபாய், 150-க்கு மேல் 350 சிசி வரை 1,366 ரூபாய், 350-க்கு மேல் 2,804 ரூபாய், வரி தனி. 373 சிசி டியூக் 390 வாங்குபவர் 200 சிசி வாங்குபவரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆண்டுதோறும் கட்டுகிறார்.

விற்பவர் சொல்லும் விலையை அவர் வாங்கிய விலையோடு ஒப்பிடாமல், இன்றைய புது வண்டியின் விலையோடு ஒப்பிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடாக உயர்ந்தது. வரி குறைவதற்கு முன் வாங்கியவர், தான் கொடுத்த பழைய விலையை நினைத்துக்கொண்டே கேட்பார். ஷோரூமில் இன்றைய ஆன்ரோடு விலையை எழுதி வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால் பேச்சு சீக்கிரம் தரைக்கு வரும்.

வண்டியைப் பார்க்கும் முன் தாள்

பதிவு எண்ணை முதலில் கேட்டு வாங்கி, எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். பதிவு நாள், எந்த ஆர்டிஓ, இன்சூரன்ஸ் முடியும் நாள் ஆகியவை அதில் தெரியும். கட்டாத அபராதங்கள் இருக்கின்றனவா என்பதை இ-சலான் தளத்தில் தனியே பார்த்துக்கொள்ளலாம். எண்ணைத் தரவே தயங்குபவரிடம் நேரம் செலவழிக்க வேண்டாம். ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் எத்தனையாவது ஓனர் என்பதோடு, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஹெச்.பி. (கடன் ஈடு) என்று பதிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டியூ முடிந்துவிட்டது என்ற வாய்ச்சொல் போதாது. கடன் நிறுவனம் தரும் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), கையெழுத்திட்ட படிவம் 35-உம் கையில் இருந்தால்தான் அந்தப் பதிவை நீக்க முடியும்.

கர்நாடகா, புதுச்சேரி எண் கொண்ட வண்டிகள் விலை குறைவாக வருவது பலரை இழுக்கும். வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. பழைய ஆர்டிஓவில் என்.ஓ.சி. வாங்குவது, இங்கே சாலை வரி கட்டுவது, புது எண் பெறுவது என்று அலைச்சலும் செலவும் சேர்ந்தால் மிச்சம் பிடித்தது போய்விடும். முதல்முறை பழைய வண்டி வாங்குபவர் தம் மாவட்டத்து எண்ணோடு நிற்பதே நிம்மதி.

பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைகளில் வாங்குவதானால், வண்டி யார் பெயரில் நிற்கிறது என்று கேளுங்கள். முந்தைய ஓனர் வெறும் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு எங்கோ போயிருப்பார். இரண்டு கை மாறியும் ஆர்.சி.யில் அவர் பெயரே இருக்கும். 2023 ஏப்ரல் முதல், பழைய வாகன வியாபாரிகள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்றும், வண்டி தம்மிடம் வந்ததைத் தெரிவிக்க வேண்டும் என்றும் மத்திய விதி வந்துள்ளது. அந்த அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

வண்டியின் முன் நிற்கும்போது

காலையில், பகல் வெளிச்சத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். “வரும் முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று முதல் நாளே சொல்லிவிட்டு, போய்ச் சேர்ந்ததும் எஞ்சினின் பக்கவாட்டில் புறங்கையை மெல்லக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். நான் முதன்முதலில் வாங்கிய பழைய வண்டியை ஒரு மாலையில், நன்றாகச் சூடேறிய நிலையில் பார்த்தேன். மறுநாள் காலை அது எழுப்பிய டைமிங் செயின் சத்தத்தை அடுத்த தெருவிலிருந்தவரும் கேட்டிருப்பார்.

குளிர்ந்த எஞ்சின் ஒன்றிரண்டு அழுத்தலில் எழ வேண்டும். தொடக்கத்தில் சிறிது வெண்ணிற ஆவி வருவது இயல்பு. எஞ்சின் சூடான பிறகும் அடர்ந்த வெண்புகை வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது என்றும், நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்றும் கொள்ளலாம். எண்ணெய் பார்க்கும் கண்ணாடியிலோ மூடியின் உட்புறத்திலோ பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் தண்ணீரும் எண்ணெயும் கலந்துள்ளன. நன்றி சொல்லிக் கிளம்பிவிடலாம். டியூக், என்எஸ் போன்ற லிக்விட் கூலிங் வண்டிகளை, ரேடியேட்டர் ஃபேன் சுழலத் தொடங்கும் வரை நின்ற இடத்திலேயே ஓடவிட வேண்டும். நம் ஊர் வெயிலிலும் சிக்னலிலும் வேலை செய்யாத ஃபேன் எஞ்சினையே தின்றுவிடும். பொறுமையாகப் பத்து நிமிடம் நிற்கத்தான் வேண்டும்.

அடுத்து, விழுந்த வண்டியா என்பது. ஹேண்டில் பார் நுனி, லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட், சைலன்சர் ஆகியவற்றில் கீறல் இருப்பது நேக்கட் பைக்கில் மிகச் சாதாரணம். நின்ற இடத்தில் சாய்ந்தாலும் வரும். கவலைப்பட வேண்டியவை வேறு. ஹேண்டிலை முழுதாகத் திருப்பும்போது சேசிஸில் முட்டும் சிறு தடுப்பு நசுங்கியிருக்கிறதா, அதன் அருகே பெயின்ட் புதிதாகப் பளபளக்கிறதா என்று பாருங்கள். பலமான மோதலில் அடி வாங்குவது அந்த இடமே. அங்கேயே சேசிஸ் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அதையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். பத்தடி பின்னால் போய்க் குந்தி அமர்ந்து, இரு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்றும் நோக்குங்கள்.

பெரும்பாலான நேக்கட்களில் சென்டர் ஸ்டாண்ட் இருக்காது என்பதால் உடன் ஒருவரை அழைத்துப் போவது அவசியம். அவர் வண்டியைச் சைடு ஸ்டாண்டின் மேல் சாய்த்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்க, நீங்கள் ஹேண்டிலை மெல்ல இடவலமாகத் திருப்ப வேண்டும். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல் தடுக்கினால், ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்கான கோன் செட் போய்விட்டது. அது பெரிய செலவில்லை, பேரம் பேச உதவும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களில் எண்ணெய் வளையம் படிந்திருந்தால் ஆயில் சீல் மாற்ற வேண்டும். டியூக்கிலும் 2019-க்குப் பிந்தைய டோமினாரிலும் உள்ள தலைகீழ் ஃபோர்க்கில் சீல் அடியில் இருப்பதால், கசியும் எண்ணெய் பிரேக் மீதே இறங்கக்கூடும். அந்தக் கசிவை அலட்சியம் செய்யக்கூடாது. பின் ஸ்பிராக்கெட்டின் கடைசிப் பகுதியில் செயினை விரலால் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி உயரம் வெளியே தெரிந்தால் செட் முழுதும் புதிதாகப் போட வேண்டும். பிரேக் டிஸ்கின் மேல் குறைந்தபட்ச தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். விளிம்பில் நகம் தடுக்கும் அளவு மேடு இருந்தால் அது தேய்ந்துவிட்டது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பூ நன்றாக இருந்தாலும் ஐந்தாறு ஆண்டு கடந்த ரப்பர் இறுகியிருக்கும், மழையில் வழுக்கும்.

மீட்டரில் உள்ள கிலோமீட்டரைத் தனியாக நம்ப வேண்டாம். கியர் லீவரின் ரப்பர், கைப்பிடி, பின் பிரேக் பெடலின் வரிகள் ஆகியவை எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதும், சர்வீஸ் பில்லில் எழுதியுள்ள எண்களும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். 12,000 கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டும் வண்டியில் வரி அழிந்து வழவழப்பான பெடல் இருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து வண்டிகளுக்கு ஒரு கூடுதல் சோதனை உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அடுத்து வந்த தென்மாவட்ட மழையிலும் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் நின்றன. இருக்கையைக் கழற்றி வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா, ஹெட்லைட்டின் உள்ளே சேறு உலர்ந்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினைச் சரிசெய்துவிடலாம், ஊறிப்போன வயரிங் மழைதோறும் வழியில் நிறுத்தும்.

சத்தமான சைலன்சரும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவில் மாற்றி எழுதப்பட்ட மென்பொருளும் உள்ள வண்டி, முந்தைய ஓனர் அதை எப்படி ஓட்டினார் என்பதற்கான வாக்குமூலம். கம்பெனி சைலன்சரையும் சேர்த்துத் தந்தால் மட்டுமே பேசுங்கள். அனுமதியின்றி வண்டியை மாற்றியமைப்பதைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை செய்கிறது. சாலையில் நிறுத்தப்பட்டால் அபராதம் கட்டுவது புது ஓனர்தான்.

ஓட்டிப் பார்ப்பது

இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தால் மட்டுமே ஏறுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, வண்டி சற்று நகர்ந்த பிறகே அணைய வேண்டும். அது எரியவே இல்லையென்றால் பழுதை மறைக்க விளக்கையே துண்டித்திருக்கலாம். எஞ்சின் விளக்குக்கும் இதே சோதனை. அது எஞ்சின் எழுந்ததும் அணையும். மேல் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரைத் திருக, எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. இரண்டாவது கியரில் முறுக்கிப் பார்த்து, கியர் தானாக வெளியே குதிக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும், ஆகவே அந்த வண்டி வேண்டாம். முன் பிரேக்கை மெல்லப் பிடிக்கும்போது லீவர் விரலில் துடித்தால் டிஸ்க் நெளிந்துள்ளது.

இத்தனையும் பார்த்த பிறகு, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியை அரை மணி நேரம் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஐந்நூறு ரூபாய், பேரத்தில் பல மடங்காகத் திரும்பி வரும். விற்பவரின் மெக்கானிக் இதற்கு உதவமாட்டார்.

பணமும் பெயர் மாற்றமும்

கண்டுபிடித்த குறைகளை ஒரு தாளில் விலையோடு எழுதி, மொத்தத்தைக் கேட்கும் விலையிலிருந்து கழித்துப் பேச வேண்டும். சும்மா குறைத்துக் கேட்பதைவிட இது மரியாதையாகவும் இருக்கும், எடுபடவும் செய்யும். ஒப்புக்கொண்ட பின் சிறிய முன்பணம் மட்டும் கொடுத்து ரசீது வாங்குங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-உம் 30-உம் உங்கள் பெயர் நிரப்பப்பட்டு, உங்கள் கண்முன் கையெழுத்தாகி, விற்பவரின் அடையாள அட்டை நகலும் கைக்கு வந்த பிறகே மீதியைக் கொடுக்க வேண்டும். அதையும் வங்கி வழியே அனுப்புவது நல்லது. ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாள். முந்தையவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியச் சலுகை) அவரோடு போய்விடும் என்பதால் அதற்கான வித்தியாசத் தொகையைக் கட்ட நேரிடும்.

வீட்டுக்கு வந்த வாரமே எஞ்சின் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். பழைய ஓனர் போன வாரம்தான் மாற்றினேன் என்று சொல்லியிருந்தாலும் மாற்றுங்கள். பிறகு ஒரு ஞாயிறு அதிகாலையில் ஆளில்லாத நேரான சாலைக்குப் போய், 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இரு பிரேக்கையும் முழுதாக அழுத்தி, ஏபிஎஸ் லீவரைத் திருப்பித் தட்டுவது எப்படி இருக்கும் என்பதைப் பத்துப் பதினைந்து முறை கைக்குப் பழக்குங்கள். இதுவரை ஓட்டிய சிறிய வண்டியை அதற்குப் பிறகு விற்கலாம்.